ஏழாவது கட்டை

மரம் மதிப்பிடும் சான்றிதழுக்காக நான் தேர்வுக்கு உட்கார்ந்தது மூன்றாவது தடவை. அதற்குமேல் விடமாட்டார்கள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால், காலம் முழுக்க வேறு எவனோ கணக்குப் போட, நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுத்துத் தேர்வு காலையிலேயே முடிந்தது. செய்முறைக்காக மரக் கிடங்கின் பின்புறம் பத்துக் கட்டைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நீளமும் சுற்றளவும் எடுத்து, கன அடி கணக்குப் போட்டு, முனைகளில் தெரியும் உளுத்தலுக்கும் வெடிப்புக்கும் கழித்து, விலை சொல்ல வேண்டும். தேர்வாளருக்குக் கிடங்கில் அரையங்குலம் என்று பட்டப்பெயர். அரையங்குல வித்தியாசத்துக்காகச் சொந்த மச்சானோடு பேச்சை நிறுத்திய மனிதர்.

"கண்ணுல தெரியற குறைக்குத்தாம்மா கழிவு. கனவுல தெரியறதுக்கெல்லாம் கிடையாது" என்றார் என்னைப் பார்த்து. போன தடவை இல்லாத உளுத்தலை எழுதித் தவறியவள் நான். மனிதர் மறக்கவில்லை.

தேறியவர்களுக்கு, முகத்தில் ஆளுக்கொரு எண் பொறித்த சுத்தியல் தருவார்கள். அளந்த கட்டையின் முனையில் ஓங்கி அடித்தால் எண் பதியும். தேர்வில் எங்களுக்குக் கிடைப்பது எண் இல்லாத மொட்டைச் சுத்தியல், அதுவும் தட்டிப் பார்க்க மட்டும். எனக்குக் கை வேர்க்கும், கைப்பிடி வழுக்கிக்கொண்டே இருந்தது.

அளவெடுப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆறு கட்டைகளை மளமளவென்று முடித்தேன். ஏழாவதன் இரண்டு முனைகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தன. வழக்கப்படி நடுவில் ஒரு தட்டு தட்டினேன்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.

எதிரொலி என்று நினைத்து இரண்டு தட்டினேன். மூன்று வந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கட்டையில் வைத்தேன். நான் தட்டவே இல்லை. என் காதுக்கு நேர் கீழே, பொறுமையாக, இரும்பு மரத்தில் படும் சத்தம் கேட்டது.

தேர்வு முடிந்ததும் கட்டைகள் நேராக ரம்பத்துக்குப் போகும். ரம்பத்தில் நிற்பது என் தம்பி. அவனுக்கு முன் அங்கே நின்றவரை, கட்டைக்குள் கிடந்த பழைய ஆணியில் பட்டு அறுந்த பிளேடுதான் கொன்றது. சான்றிதழ் போனால் போகட்டும் என்று ஏழாவது கட்டைக்கு எதிரே எழுதினேன்: நடுவில் பொந்து, உள்ளே இரும்பு.

அரையங்குலம் படித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மறுபடியும் கனவா? வா, உன் கண் முன்னாலேயே அறுத்துக் காட்டறேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

தம்பி நீலச் சட்டையில் மரத்தூளோடு நின்றிருந்தான். அதன் கீழ் ஓரம் பிரிந்துபோனபோது, நீல நூல் தீர்ந்துவிட்டதால் சிவப்பு நூலில் கோணல் மாணலாகத் தைத்தது நான்தான்.

"ரம்பம் போடாதடா. உள்ள இரும்பு இருக்கு."

"முனை பளிச்சுன்னு இருக்கேக்கா. எப்படித் தெரியும்?"

"தட்டுச்சு."

"நீதானே தட்டணும்?" என்று சிரித்தவன், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். அரையங்குலம் கத்தக் கத்த, ரம்பத்தை அணைத்துவிட்டு ஆப்பு வைத்துப் பிளந்தான்.

நடுவில் முழங்கை நீளத்துக்கு ஒரு பொந்து இருந்தது. அதற்குள் ஒரு சுத்தியல் கிடந்தது. உள்ளே போன வழி எங்கும் இல்லை, சுற்றிலும் மரம் மூடி வளர்ந்திருந்தது. பொந்துக்கு வெளியே இருந்த ஆண்டு வளையங்களை எண்ணினால் என் வயதைத் தாண்டும். கைப்பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தது. துணியின் ஓரத்தில் சிவப்பு நூலில் கோணல் தையல்.

தம்பி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். அது கிழியாமல் முழுசாகத்தான் இருந்தது.

அரையங்குலம் பொந்தின் சுவரைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "நீ எழுதினதுதான் சரி. பாஸ்" என்று முணுமுணுத்துவிட்டு, எனக்கு எண் கொடுக்கப் பதிவேட்டில் அடுத்த வரியைத் தேடினார். அவர் சொல்வதற்குள் தம்பி அந்தச் சுத்தியலின் துருவைத் தேய்த்துவிட்டு வாசித்தான்.

"இருநூத்திப் பன்னெண்டு."

அரையங்குலத்தின் விரல் அதே எண்ணில் நின்றது.

பழைய சுத்தியலை அன்றே ஆற்றில் வீசினோம். புதிதாக எனக்குத் தந்தது வெள்ளி மாதிரி மின்னியது. என்ன வேர்த்தாலும் அதில் துணி சுற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். சுற்றினால் அது என்றைக்காவது அந்த மரத்துக்குள் போய்ச் சேரும். கூடவே நானும் போவேனோ என்று பயமாக இருந்தது.

நேற்று தம்பியின் நீலச் சட்டை எந்திரத்தின் பெல்ட்டில் மாட்டித் தோளில் கிழிந்துவிட்டது. "தூக்கிப் போட்டுடுக்கா" என்று என் மடியில் வீசிவிட்டுக் குளிக்கப் போனான். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தமும் அவன் பாட்டும் கேட்டன. தாளம் தப்பிய பாட்டுதான், ஆனால் உயிரோடு இருப்பவனின் பாட்டு.

சுத்தியலில் நான் துணி சுற்றாவிட்டால், அன்றைக்கு அவனுக்காக உள்ளேயிருந்து யார் தட்டியிருப்பார்கள்?

சட்டையை விரித்து, கீழ் ஓரத்தைச் சிவப்புத் தையலோடு நீளமாகக் கிழித்தேன்.