நாற்பத்து மூன்று கடைசிகள்

கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவன் எழுதும் புரோகிராமுக்கு அவள் லேப்டாப்பில் ஒரு காப்பி. அவள் வரையும் படங்களுக்கு அவன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி. தாலியைவிட உறுதியான பந்தம் இதுதான் என்று அவன் பீற்றிக்கொள்வதுண்டு.

அந்தத் தைரியத்தில்தான் அன்று காலை, நத்தையாய் ஊர்ந்துகொண்டிருந்த தன் கம்ப்யூட்டரை ஒரு எழுத்து பாக்கியில்லாமல் துடைத்தான். எல்லாம் புதிதாய் ஏற்றி முடித்தபோது மணி பத்து. பதினொன்றுக்கு கால்நடை மருத்துவர் வருகிறார். எந்த நாய்க்கு எப்போது ஊசி என்று ஞாபகப்படுத்தும் புரோகிராமை இன்று ஓட்டிக் காட்டியாக வேண்டும். தவறினால், மாமனாரின் டைல்ஸ் கடையில் அவனுக்கென்று துடைத்துவைத்த நாற்காலி காத்திருந்தது.

மனைவியின் லேப்டாப்பைத் திறந்தான். அவனுடைய நாற்பத்து மூன்று ஃபோல்டர்களில் ஒன்றைக்கூடக் காணோம். 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி', 'சத்தியமா கடைசி' என்று ஆசையாய்ப் பேர் வைத்து வளர்த்த பிள்ளைகள். அந்த இடத்தில் 'நாய் ஊசி' என்று ஒற்றை ஃபோல்டர் மொட்டையாய் உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, என் ஃபோல்டரெல்லாம் எங்க?"

சமையலறையிலிருந்து நிதானமாகக் குரல் வந்தது. "நேத்து சுத்தம் பண்ணினேன். இடத்தையெல்லாம் அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு."

"சுத்தம் பண்ணினியா? அதென்ன பரணா?"

"பரண் எவ்வளவோ தேவலாம். அங்க ஒரே ஓட்டைப் பக்கெட்டை நாப்பத்து மூணு தடவை எடுத்து வைக்க மாட்டாங்க."

"சரி, 'சத்தியமா கடைசி' எங்க? அதுலதான் எல்லாம் இருக்கு."

"அதுவா? திறந்த உடனே மூச்சை விட்டுடுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, ஒண்ணொண்ணா நாப்பத்து மூணையும் ஓட்டிப் பாத்தேன். நாயைப் பதிஞ்சா பூனைன்னு காட்டுச்சு சிலது. ஒண்ணு, செத்துப்போன நாய்க்கும் ஊசி போடச் சொல்லுச்சு. ஒழுங்கா ஓடுனது ஒண்ணே ஒண்ணுதான். அதைத்தான் 'நாய் ஊசி'ன்னு பேர் மாத்தி வச்சிருக்கேன்."

"எது?"

"மூணாவது."

மூன்றாவது என்றால் போன வருஷம் எழுதியது. அதற்கப்புறம் ராப்பகலாய் உழைத்ததெல்லாம், நன்றாயிருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கெடுத்ததுதானா?

"அப்போ நாப்பது தடவை நான் திருத்தினது?"

"நான் வாயைத் தொறக்கலையே," என்றாள். அவள் உதட்டோரச் சிரிப்பு திறந்துதான் இருந்தது.

பதினொன்றுக்கு மருத்துவர் வந்தார். ஒரு பசு, இரண்டு நாய், கடிக்கிற கிளி ஒன்று என்று தானே பதிந்து பார்த்தார். பசு பசுவாகவே வந்தது. கிளிக்குத் தேதி கூடச் சரியாகக் காட்டியது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி, வச்சுக்கறேன். நடுவுல ஏதாவது தகராறுன்னா யாரைக் கூப்பிடறது?"

அவன் வாயெடுத்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இவளைக் கூப்பிடுங்க சார். எது எங்க இருக்குன்னு இவளுக்குத்தான் தெரியும்."

அவள் நம்பரை எழுதி நீட்டினாள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க டாக்டர். ஒரு விஷயம் மட்டும். இவரு 'இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணித் தர்றேன்'னு வந்தா, கதவைத் தொறக்காதீங்க."