ஆயிரத்து ஐநூறு மணி நேரமும் பதினோரு நிமிடமும்

பனி உறைந்த படிகளில் மார்லீன் இரண்டிரண்டாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தாள். மசோதா விசாரணையில் பேசுகிறவர்களின் சாட்சிப் பட்டியலைப் பத்து மணிக்கு மூடிவிடுவார்கள். இப்போது ஒன்பது ஐம்பத்து மூன்று. மூன்று மணி நேரம் பனிச்சாலையில் கார் ஓட்டி வந்தது இந்த ஏழு நிமிடத்தில் வீணாகிவிடக் கூடாது.

மாநிலச் சட்டசபையின் வாசலில் சோதனைக் கதவு கீச்சென்று அலறியது.

"பையைத் திறங்க மேடம்," என்றான் காவலாளி.

உள்ளே அவளுடைய முடி வெட்டும் கத்தரி. பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்தில் அவளுடைய அழகுநிலைய உரிமம்.

"கத்தரி உள்ள போகக் கூடாதுங்க."

"தம்பி, அதைக் காட்டித்தான் நான் பேசவே போறேன்."

"கூரான எதுவும் கூடாது. விதி."

அந்தச் சமயம் பார்த்து ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஒருவர் அவளைத் தாண்டி உள்ளே போனார். இடுப்பில் கைத்துப்பாக்கி. காவலாளி அவருக்குக் காலை வணக்கம் வேறு சொன்னான்.

"அவர் இடுப்புல இருக்கறது என்ன, சீப்பா?"

காவலாளிக்குக் காது சிவந்தது. "துப்பாக்கிக்குத் தடை இல்லைங்க. நானா விதி எழுதினேன்?" கத்தரியை வாங்கிக்கொண்டு, நாற்பத்தேழு என்று எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுத்தான்.

மார்லீன் அந்த வில்லையைப் பார்த்தாள். காவலாளியைப் பார்த்தாள். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருப்பேப்பா. கத்தரியைவிட இதுதான் நல்லாப் பேசும்!"

ஓடினாள். பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

மசோதா ஒன்றும் பெரிதில்லை. துப்பாக்கிக்குப் பணம் கட்டியவன் மூன்று நாள் கழித்துத்தான் அதைக் கையில் வாங்க முடியும். அவ்வளவே. குழுவில் ஏழு பேர். மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. மிச்சம் தலைவர் காரிட்டி. அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினால், நாலு வருஷமாகப் புதைத்தது போல இந்த வருஷமும் புதைத்துவிடுவார்கள். கோல்பி ரென்ஃப்ரூவைப் புதைத்தது போல. அந்த இருபத்திரண்டு வயதுப் பையனின் புகைப்படம் அவள் கோட்டுப் பையில் இருந்தது.

"அடுத்து, மார்லீன் ஓடெகார்ட். ரெண்டு நிமிஷம்." மேஜையில் பச்சை விளக்கு எரிந்தது.

"முடி வெட்டறது என் தொழில். உங்க தலையில கத்தரி வைக்கறதுக்கு முன்னாடி என்னை ஆயிரத்து ஐநூறு மணி நேரம் படிக்கச் சொன்னீங்க. படிச்சேன். தேர்வு எழுதச் சொன்னீங்க. எழுதினேன். தப்பா வெட்டினா என்ன ஆகும்? பதினஞ்சு நாள் தொப்பி போட்டுக்கணும்."

பின்வரிசையில் சிரிப்பு. ஆரஞ்சுச் சட்டைக்காரர் மட்டும், "முடி வெட்டறவ சட்டம் சொல்ல வந்துட்டா," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"ஆமாண்ணே. வாசல்ல உங்க பின்மண்டையைப் பார்த்தப்பவே, அதுக்கும் ஒரு சட்டம் வேணும்னு தோணுச்சு." இப்போது குழுவிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "போன மாசம் விலங்குக் காப்பகத்துல ஒரு பூனை கேட்டேன். வாடகை வீட்டு ஓனர்கிட்ட கடுதாசி வாங்கிட்டு வா, மூணு நாள் யோசிச்சுட்டு வான்னாங்க. ஒத்தைக் கண்ணுப் பூனைங்க அது! கோல்பி செவ்வாய்க்கிழமை கடைக்குள்ள போனான். பதினோரு நிமிஷம். துப்பாக்கியோட வெளிய வந்தான். அன்னைக்குச் சாயங்காலமே அதால தன்னைச் சுட்டுக்கிட்டான். அவனைக் கூட்டிட்டுப் போக அவங்க அக்கா வெள்ளிக்கிழமை வர்றதா இருந்தா. செவ்வாயிலேர்ந்து வெள்ளிக்கு எத்தனை நாள்னு எண்ணிக்கோங்க."

மஞ்சள் விளக்கு.

காரிட்டி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, பூனை வளர்க்கறது அரசியல் சட்ட உரிமை இல்லை. துப்பாக்கி வெச்சுக்கறது உரிமை."

"ஓட்டு போடறதும் உரிமைதானே ஐயா? அதுக்கு முப்பது நாள் முன்னாடியே பேர் பதியணும்னு இதே ரூம்ல கை தூக்கினது நீங்கதானே? உங்களைத் தேர்ந்தெடுக்க நான் முப்பது நாள் காத்திருக்கலாம். துப்பாக்கி வாங்க ஒருத்தன் மூணு நாள் காத்திருக்கக் கூடாதா?" நாற்பத்தேழாம் எண் வில்லையை மேஜைமேல் பட்டென்று வைத்தாள். "என் கத்தரி வாசல்ல கைதாகிக் கிடக்கு. எனக்குப் பின்னாடி இந்த ரூம்ல எத்தனை துப்பாக்கி உட்கார்ந்திருக்குன்னு பாருங்க."

சிவப்பு விளக்கு. காரிட்டியின் கை சுத்தியலுக்குப் போனது. ஆனால் தட்டவில்லை.

"பையனைப் பறிகொடுத்த தாயோட கோபம் எனக்குப் புரியுது..."

"நான் அவன் அம்மா இல்லை."



"அப்புறம் பதினோரு நிமிஷம்னு அவ்வளவு துல்லியமா எப்படிச் சொல்றீங்க? கூட இருந்து பார்த்தீங்களா?" காரிட்டியின் குரலில் பிடி கிடைத்துவிட்ட தெம்பு.

எழுந்து போய்விடலாம். நேரம் முடிந்துவிட்டது, யாரும் தடுக்க மாட்டார்கள். மார்லீன் ஒலிவாங்கியை இன்னும் நெருக்கமாக இழுத்தாள்.

"இருந்தேன். பனிக்காலத்துல என் கடைக்கு ஆள் வராது. ஒரு விளையாட்டுச் சாமான் கடையில ரெண்டாவது வேலை பார்த்தேன். துப்பாக்கிப் பிரிவு. அதுக்கு எனக்குக் கிடைச்ச பயிற்சி அரை மணி நேரம். அன்னைக்கு அவன் தலைமுடி காடா வளர்ந்து கிடந்தது. சிக்கு. பல நாளாச் சீப்பே படலைன்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சது. என் தொழிலே அதுதானே! 'கடைக்கு வாடா, ஓசியில வெட்டி விடறேன்'னு சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அந்தத் துப்பாக்கியை எடுத்து அவன் கையில கொடுத்தது நான்தான் ஐயா."