மம்பட்டி வாய்

“நங்கி, மாஸ்க் எக கலவன்ன” என்று சிங்களத்தில் சொன்னாள் மெடம்.

சுதர்ஷினி முகக்கவசத்தைக் கழற்றினாள். மெடம் ஓரடி பின்வாங்கி, துணிக்கடையில் சேலையை விரித்துப் பார்ப்பவளைப் போல அவளைப் பார்த்தாள். “அனே, தென் ஹரி லஸ்ஸனயி.” இப்போது நல்ல அழகாக இருக்கிறாளாம். திங்கட்கிழமையிலிருந்து முன்னால் கவுண்டரில் உட்காரலாமாம்.

இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, இதே மெடம்தான் அவளுடைய விஞ்ஞானப் பட்டத்தைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, உள்ளறை வேலைதான் உங்களுக்கு வசதி என்றாள். உள்ளறை வசதியாகத்தான் இருந்தது. இரத்தக் குழாய்கள் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. கூச்சப்படுகிறவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று அவளே நம்பியிருந்தாள். அந்த இடத்தை அவளாகத் தேடிப் போகவில்லை, அவளைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. அதே பட்டம். அதே கை. கீழ்த்தாடை எலும்பை விரற்கடை அளவு பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குக் கதவு திறக்கிறது.

“ஸ்தூதியி, மெடம்” என்று நன்றி சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இன்னும் தாழ்ந்துவிடும்.

வளர வளர நீண்டுகொண்டே போன தாடை அது. மேல்வரிசைப் பற்களைத் தாண்டிக் கீழ்வரிசை முன்னால் வந்து நிற்கும். முன்பல்லால் ஒரு கொய்யாக்காயைக் கடிக்க முடியாது. அப்பா முத்துவீரனுக்கும் அதே தாடைதான். தோட்டத்தில் அவருக்கு மம்பட்டி என்று பெயர். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எடுக்கும்போது கங்காணி ‘மம்பட்டி முத்துவீரன்’ என்றுதான் கூப்பிடுவார். அவரும் வெற்றிலையை இடது கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, ‘இருக்கேங்க, கொத்துறதுக்கு ரெடி’ என்பார். களமே சிரிக்கும். அப்பாவுக்கு அது ஒட்டவில்லை. ரப்பர் மரத்தில் பால் வழிகிற மாதிரி வழிந்து போய்விடும். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் ஒட்டியது. மம்பட்டி மக. சின்ன மம்பட்டி. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் கிறுக்கி வைத்தார்கள்.

பேராதனையில் பல் வைத்தியர் எக்ஸ்ரே படங்களைப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டார். அப்பாவுக்கு என்றாள். அப்போது அப்பா மாரடைப்பில் போய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. மெல்ல முடியவில்லை, தாடை மூட்டு வலிக்கிறது, அதனால்தான் ஆபரேசன் என்று எல்லாரிடமும் சொன்னாள். அது பாதி உண்மை. மற்றப் பாதியை யாரும் கேட்கவில்லை.

பற்களுக்குக் கம்பி கட்டி, நகர்த்தி, கடைசியில் எலும்பை அறுத்துத் தகடு வைத்துப் பொருத்தினார்கள். வீக்கம் வடிந்து இத்தனை மாதமாகியும் கீழுதடும் மோவாயும் மரத்தே கிடந்தன. நரம்பு விழிக்க நாளாகும், சிலருக்கு முழுதாக விழிக்காமலும் போகும் என்றார்கள். தேநீர் வழிந்தால் அவளுக்குத் தெரியாது. அம்மா அழகம்மாதான் பேச்சை நிறுத்தாமலே முந்தானையை நீட்டித் துடைத்துவிடுவாள்.

கடைசியாகப் போனபோது வைத்தியர், சிகிச்சைக்கு முன்னால் எடுத்த வாயின் அச்சை வீசப் போவதாகச் சொன்னார். வெள்ளைப் பிளாஸ்டரில் மேல்வரிசையும் கீழ்வரிசையும், ஈறு மேடுகள்கூடத் துல்லியமாக. “எனக்குத் தர முடியுமா?” என்று அவள் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வீட்டு அலுமாரியில் பழைய சான்றிதழ்களுக்கு அடியில் அது கிடந்தது.

சனிக்கிழமை மாலை பெல்மதுளையில் இறங்கி, தோட்டப் பாதையில் நடந்து, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்கு வந்தபோது, பீலிக்கரையில் விஜயகலா அக்கா உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி இருப்பவள்.

“வாடி மகாராணி. இப்பதான் நீ பொம்பளப் புள்ள மாதிரி இருக்க. அப்பல்லாம் ஒன்னயப் பாத்தா எனக்கே அழுகை வரும், தெரியுமா?”

“நீங்கதானேக்கா மம்பட்டின்னு பாட்டுக் கட்டுனீங்க.”

“அட, அது பிரியத்துலடி!” விஜயகலா வாய்விட்டுச் சிரித்தாள். “இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா? அதான் இப்ப சரியாயிருச்சே.”

இப்படித்தான். முன்பெல்லாம் முதுகுக்குப் பின்னால் சொன்னதை இப்போது முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவ்வளவு அசிங்கமாக இருந்தாய், எங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா என்று அவளிடமே முறையிட்டார்கள். பழைய முகம் யாரோ செத்துப்போன ஒருத்தியுடையது போலவும், அவளைப் பற்றி இனி என்ன சொன்னாலும் கேட்க ஆளில்லை என்பது போலவும். அவளும் தங்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டுமென்று எதிர்பார்த்தார்கள். சுதர்ஷினி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே ஏறினாள்.

மறுநாள் அப்பாவின் மூன்றாம் வருடத் திவசம். விடிந்ததிலிருந்து அழகம்மா அடுப்படியில் நின்றாள். கோழிக்கறி, அவித்த முட்டை, பலாக்காய்க் கறி, அப்பா குடிக்கிற சாராயத்தில் ஒரு கிளாஸ், தட்டு நிறைய வெற்றிலை. “படத்த எடுத்து மாட்டுடி, மால வாடுது” என்று உள்ளிருந்து சத்தம் போட்டாள்.

படம் செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கடியில் இருந்தது. பட்டமளிப்பு நாளில் மண்டபத்துக்கு வெளியே நின்ற படக்காரனிடம் எடுத்து, அங்கேயே கையில் வாங்கி வந்த படம். அப்பாவும் அவளும் மட்டும். அவள் கேமராவுக்கு முகம் காட்டுகிறவள் இல்லை. அன்றைக்கு அப்பா கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவரும் படத்துக்கு நிற்கிற ஆளில்லை. அவர் முகம் தெளிவாக விழுந்திருந்தது அந்த ஒன்றில்தான். அதை அம்மா பெல்மதுளையில் றிஸாத்தின் ஸ்டூடியோவில் கொடுத்து, மகளுக்குப் புது முகத்தை வைத்துப் பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தாள். அதைக் கேள்விப்பட்ட நாளே சுதர்ஷினி சண்டை போட்டாள். பிறகு, செய்தது செய்தாகிவிட்டது என்று விட்டுவிட்டாள்.

தாளைப் பிரித்தாள். பட்ட உடுப்பில் புதிய வாயோடு அவள் நின்றாள். அதை எதிர்பார்த்திருந்தாள். பக்கத்தில் நின்றவரைத்தான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவின் சட்டை, அப்பாவின் நரை, அப்பாவின் கண். கண்ணுக்குக் கீழே யாரோ ஒருவர். தாடை ஒழுங்காக, உதடு உதட்டோடு பொருந்தி, அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி ஒரு வாய்.

கொல்லைப் பக்கம் போய் றிஸாத்துக்குப் போன் எடுத்தாள்.

“அப்பாவோட மொகத்த ஏன் மாத்துனீங்க?”

“அடே, தங்கச்சியா? நல்லா வந்திருக்கு என்ன?” என்றான் அவன் உற்சாகமாக. “ரெண்டு பேருக்கும் ஒரே பிழைதானே. ஒங்கடத மட்டும் திருத்தினா அவர்ட பிழை இன்னும் பெருசாத் தெரியும். அதான் சேர்த்துச் செஞ்ச. அதுக்குச் சல்லி ஒண்டும் எடுக்கல்ல. அப்பாட வாய் சும்மாதான் செஞ்சு குடுத்த.”

“பழைய படம் கம்ப்யூட்டர்ல இருக்கா?”

“வேலை முடிஞ்சா அழிச்சிருவோம் தங்கச்சி. பழசத் திருப்பி அம்மாட கையில குடுத்தேனே.”

அவள் அடுப்படிக்கு வந்தாள்.

“ம்மா. படத்துல இருக்கறது யாரு?”

“யாருன்னா? ஒங்கப்பா.”

“அப்பாவுக்கு இப்படியா வாய் இருந்துச்சு?”

அகப்பை நின்றது. “நேத்தே பாத்தேன்” என்றாள் அழகம்மா.

“பாத்துட்டு?”

“பாத்துட்டு வச்சுட்டேன். அந்தாளுக்கு இப்ப வலிக்கவா போவுது?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “குருவிட்டையிலருந்து அந்த பிரேமலதாம்மா இன்னிக்கு வர்றாங்க. சும்மா திவசத்துக்கு வர்ற மாதிரி வந்து, மகனுக்கு ஒன்னயப் பாத்துட்டுப் போகத்தான். ஆபரேசன் பண்ணது அவங்களுக்குத் தெரியாது. ஒங்கப்பன் மொகத்தப் பாத்தா கேக்க மாட்டாங்களா? நாளைக்குப் பொறக்குற புள்ளைக்கும் இது வருமான்னு கேக்க மாட்டாங்களா? நீதான் படிச்சவளாச்சே, வராதுன்னு சொல்லுவியா?”

சொல்ல முடியாது. வரலாம். அறுத்தது எலும்பைத்தான், இரத்தத்தை இல்லை.

“பழைய படம் எங்க?”

“ஆத்துல விட்டுட்டேன்.”

சுதர்ஷினிக்கு முதலில் விளங்கவில்லை.

“வீட்ல வச்சிருந்தா யார் கண்ணுலயாவது படும். அடுப்புல வைக்க மனசு வரல. சாமி படம் பழசானா என்னா செய்வோம், அந்த மாதிரிதான் விட்டேன். வெத்தல பாக்கு வச்சுக் கும்புட்டுத்தான் விட்டேன்.”

“அது ஒண்ணுதாம்மா இருந்துச்சு.”

“எனக்குத் தெரியாதா?”

“ஒங்களுக்கு அவர் மொகம் அவ்வளவு கேவலமாப் போச்சா?”

அழகம்மா திரும்பினாள். புகையில் கண் சிவந்திருந்தது. “அந்த வாயோட முப்பது வருசம் குடும்பம் நடத்துனவ நான். ஒருநாளும் எனக்கு அது கேவலமாத் தெரியல. ஒனக்குத்தான்டி பிடிக்கல. நீதான போயி அறுத்துட்டு வந்த.”

கறி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இருவரும் அசையவில்லை. சுதர்ஷினிக்கு எதையாவது தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. அம்மாவின் மீது, றிஸாத்தின் கம்ப்யூட்டர் மீது, கவுண்டருக்குள் இழுத்துவிட்ட மெடத்தின் மீது, பெஞ்சில் கிறுக்கிய பிள்ளைகள் மீது. எறிந்தால் எல்லாம் திரும்பி வந்து அவளுடைய மரத்த மோவாயில்தான் விழும் போலவும் இருந்தது. அங்கே அடிபட்டால் வலிக்காது. அந்த நினைப்பு அவளை இன்னும் ஆத்திரப்படுத்தியது.

பதினொரு மணி வாக்கில் குருவிட்டைக்காரர்கள் முச்சக்கர வண்டியில் வந்தார்கள். பிரேமலதாவும் அவள் புருஷனும். பையன் வரவில்லை. லயத்து ஆட்கள் ஏற்கெனவே வாங்கிலும் பாயிலும் நிறைந்திருந்தார்கள். சுதர்ஷினி தேநீர் கொடுத்தாள். பிரேமலதா அவளை நெற்றியிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, மாலை போட்ட படத்தைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“அப்பா ஜாடை அப்படியே இருக்குங்க புள்ளைக்கு. அதுவும் இந்த வாய் இருக்கே, அச்சு அசல்.”

விஜயகலா அக்கா தரையில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். முப்பது வருடம் மம்பட்டி என்று கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவரும், இது முத்துவீரன் இல்லை என்று சொல்லவில்லை. அவளுக்காகத்தான் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று லயமே சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“ஆமாங்க” என்றாள் அழகம்மா.

சுதர்ஷினி தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். சான்றிதழ்களை அள்ளிக் கட்டிலில் போட்டாள். அட்டைப்பெட்டி அடியில் இருந்தது. பிளாஸ்டர் வாய் அவள் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு வரிசைகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தாள். கீழ்வரிசை தானாக முன்னால் வந்து, அதற்குரிய இடத்தில் நின்றது.

கூட்டத்துக்குள் நடப்பது அவளுக்கு எப்போதும் பெரும் பாடு. இப்போது நடந்தாள். படத்துக்கு முன்னால், சாராயக் கிளாசுக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் நடுவில், அதை வாழையிலையின் மேல் வைத்தாள்.

“என்னங்க அது?” என்று பிரேமலதா கேட்டாள்.

“அப்பாவோட வாய்ங்க.” குரல் மிகவும் தாழ்ந்துதான் வந்தது. ஆனால் அந்தச் சின்னக் காம்பராவில் எல்லாருக்கும் கேட்டது. “எனக்கும் இதுதான் இருந்துச்சு. படத்துல இருக்கறது கடையில செஞ்சது. என்னோடது ஆஸ்பத்திரியில செஞ்சது.”

பிரேமலதா புருஷனைப் பார்த்தாள். அவர் தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். வெளியே முச்சக்கர வண்டிக்காரன் பாட்டுப் போட்டிருந்தான். யாரோ போய் நிறுத்தச் சொன்னார்கள். சுதர்ஷினி அம்மா பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் என்ன தெரியுமோ, அதற்கு அவள் இன்னும் தயாராக இல்லை.

புடவை உரசுகிற சத்தம் கேட்டது. அழகம்மா வந்து படையலுக்கு முன்னால் குந்தினாள். கொஞ்ச நேரம் அந்த வெள்ளைப் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல் ஒருமுறை கீழ்வரிசையின் விளிம்பில் ஓடி, நின்றது. பிறகு தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள். மடியில் துடைத்து, காம்பு கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்தாள். மடித்ததை அந்தப் பிளாஸ்டர் வாயின் இடது பக்கக் கடைவாயில் செருகினாள்.

வெற்றிலை முழுவதும் உள்ளே போகவில்லை. அப்பாவுக்கு எப்போதும் போல, அதன் பச்சை நுனி பற்களைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.