ரத்தினம்மாள் சொல்லிக்கொடுத்த விடைகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகும் டவுன் பஸ்ஸில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மாள் நான் கேட்காமலேயே சொன்னார். "எழுதிக்கலாமாம்மா?" என்றேன். "பேர மாத்திடுங்க" என்றார். மாற்றிவிட்டேன். பஸ்ஸில் 'அவர்' என்றவரைக் கதைக்குள் 'அவள்' என்கிறேன். கிட்டத்தில் நின்று பார்க்க அதுதான் வசதி.

முதலில் எழுதிய தொடக்கம்: 'சோழர் கோபுரத்தின் நிழலில் ஒரு முதியவர் தன் நினைவுகளைத் தேடி—'

அடித்துவிட்டேன். ரத்தினம்மாளின் வீட்டுக்காரர் தங்கசாமி கோபுர நிழலில் உட்கார்ந்தவரே இல்லை. எழுபத்து மூன்று வயது. நாலு ஏக்கர் முந்திரிக்காடு. காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வீடு.

2

சித்திரையில் ஒருநாள் அவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. ரத்தினம்மாள் தேடிக்கொண்டு போனாள். சொந்தக் காட்டில், தானே நட்ட மரங்களுக்கு நடுவே, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"ஆடு ஒண்ணு புகுந்துடுச்சு. தொரத்திட்டு வந்தேன்" என்றார்.

ஆடு எதுவும் இல்லை. அவள், "எந்தப் பக்கமா ஓடுச்சு?" என்று கேட்டாள்.

[இந்தக் கேள்வி நான் எழுதியதல்ல. எனக்கு இது தோன்றியிருக்காது.]

அதன்பிறகு யார் கேட்டாலும் அந்த ஆட்டைத்தான் சொன்னாள். திருப்பூரிலிருந்து மகன் பிரசாத் பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, புருஷனுக்கு எதிரே நின்று வாயசைத்தாள். அவர் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். "அப்பா நல்லா பேசுறாரும்மா" என்று பிரசாத் சந்தோஷப்பட்டான்.

3

ஜெயங்கொண்டத்தில் முதியோருக்கான பகல் மையம் ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் முழங்கால் வலிக்காக ரத்தினம்மாள் அங்கே போவாள். இருபது பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலைத் தூக்கி இறக்குவார்கள். மையத்தைப் பார்த்துக்கொள்ளும் கீதாஞ்சலி ஆவணி மாதத்தில், "அறுவது தாண்டுன எல்லாருக்கும் ஞாபகசக்தி டெஸ்ட் எடுக்குறோம். அடுத்த வாரம் ஐயாவையும் கூட்டிட்டு வாங்க" என்று பேரை எழுதிக்கொண்டாள்.

(கீதாஞ்சலியை முதல் வரைவில் தேன் ஒழுகப் பேச வைத்திருந்தேன். நம்ப முடியவில்லை. டெஸ்ட் எடுத்த அன்று அவளுக்கு ஜலதோஷம். மத்தியானத்துக்குள் பதினாலு பேரைப் பார்த்தாக வேண்டும்.)

"ஐயா, இது என்ன மாசம்?"

தங்கசாமியின் பார்வை கீதாஞ்சலியின் தோளுக்கு மேலே போனது. அவளுக்குப் பின்னால் நின்ற ரத்தினம்மாள் சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

"ஆவணி."

"முன்னாடி மூணு பொருள் சொன்னேனே, என்னென்ன?"

ரத்தினம்மாள் காற்றில் பூட்டைத் திறந்தாள்.

"சாவி" என்றார் அவர்.

கீதாஞ்சலி திரும்பினாள். ரத்தினம்மாளின் கை அப்படியே நின்றது.

"வெளியில எக்ஸர்சைஸ் ஆரம்பிச்சுட்டாங்கம்மா. நீங்க போய் உக்காருங்க."

4

அவள் வெளியே காலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்ததை அவளுக்குப் பிறகு சொன்னவர் தங்கசாமிதான்.

மாசத்தை மறுபடி கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கு எல்லாம் நழுவுதும்மா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கே தெரியாதுன்னு நெனச்சுதான் தைரியமா இருக்கா."

கீதாஞ்சலி வெளியே வந்தாள். ரத்தினம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "என்ன வந்திருந்தாலும் அவருகிட்ட சொல்லாதீங்க. மனசு உட்டுடுவாரு."

இங்கே ஒரு எழுத்தாளனுக்கு ஆசை வரும். கீதாஞ்சலி இரண்டு ரகசியங்களையும் சுமந்துகொண்டு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து—

அவள் பார்க்கவில்லை. தங்கசாமியையும் வெளியே கூப்பிட்டு, இரண்டு நாற்காலியை எதிரெதிரே இழுத்துப் போட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றீங்க. ஆளுக்கொரு பொய் என்னால சொல்ல முடியாது. நீங்களே பேசிக்குங்க" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடப் போனாள்.

"எப்பலேருந்து தெரியும்?" தங்கசாமிதான் முதலில் கேட்டார்.

"சித்திரையிலேருந்து."

"எனக்குத் தையிலேருந்தே."

ரத்தினம்மாளுக்கு வந்தது அழுகையல்ல, கோபம். "காட்டுல நின்னப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். எந்தப் பக்கமா ஓடுச்சுன்னு கேட்டுட்ட."*

* அன்று சாயங்காலமே பிரசாத்திடம் சொல்லிவிட்டார்கள். அவன் அடுத்த நாளே வந்தான். அரியலூரில் டாக்டர் மாத்திரை எழுதினார். நோயைக் குணமாக்காது, கொஞ்ச காலம் கைகொடுக்கலாம் என்றார். இதைக் கதைக்குள் வைத்தால் அந்த நாற்காலிகளிலிருந்து இருவரையும் எழுப்ப வேண்டியிருந்தது. அதனால் கீழே.

5

இனி முடிவு.

திங்கள் முதல் வெள்ளி வரை, பத்திலிருந்து நாலு மணிவரை, மையத்தில் தங்கசாமியைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. முதல் திங்கட்கிழமை அவரை வேர்க்கடலை உரிக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். ரத்தினம்மாள் பின்னாலேயே நின்றாள்.

"நீ போ. இவங்க பாத்துப்பாங்க" என்றார்.

அவள் வாசலுக்கு வந்தாள். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடம். ஆறு மணி நேரம் முழுசாக முன்னால் இருந்தது.

மையத்து ஜன்னலுக்கு வெளியே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து நீக்கினேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள் என்று இன்னொன்று. இதுவும் நடந்திருக்கலாம். மூன்றாவது, 'கடைத்தெருவில் இறங்கி நடந்தவள் ஒரு படியேறி—' என்று பாதியில் நிற்கிறது.

"எங்க போனீங்க?" என்று பஸ்ஸிலேயே கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அந்த ஆறு மணி நேரத்துக்கு அவர் யாருக்கும், எனக்கும்கூட, பதில் சொல்ல வேண்டியதில்லை என்று பட்டது. நீங்கள் எழுதிப் பார்ப்பதானால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் காட்ட வேண்டாம்.

ஒன்று மட்டும் தெரியும். புருஷனைக் கூட்டிப்போக அவர் நாலு மணிக்குத் திரும்பி வரவில்லை. நாலேகாலுக்குத்தான் வந்தார். அதைச் சொன்னபோது மட்டும் ரத்தினம்மாள் சிரித்தார்.