இரண்டு பேர் இருந்தால் ஒரு மேசை

அன்றைக்கு நாற்காலியை விட்டு முதலில் எழுந்தவன் நானா, ஒட்டகமா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. நான்தான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். அவன், தான்தான் எழுந்ததாகச் சாதித்தான். என் தங்கை மகளைக் கேட்டால், "நான் பார்க்கல மாமா, ஸ்பூன் பத்தலைன்னு சமையல்காரரோட சண்டை போட்டுட்டிருந்தேன்" என்றாள். மழை பெய்ததாகவும் ஒரு நினைவு இருக்கிறது. அது முந்தைய வருடமாகவும் இருக்கலாம். இந்த வயதில் எல்லா விருந்தும் ஒரே விருந்தாகக் கலந்துவிடுகிறது.

தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பள்ளி மண்டபத்தில் கூடிச் சாப்பிடுவோம். பேட்சுக்கு ஒரு மேசை. இரண்டு பேராவது வந்தால்தான் அந்த மேசை உண்டு. ஒருவர் மட்டும் வந்தால் அடுத்த பேட்சோடு உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் பேட்சில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் படியிறங்க முடியாதவர்கள். வந்துகொண்டிருந்தது நானும் ஒட்டகமும் மட்டும்தான்.

ஒட்டகம் பல் டாக்டர். அந்தப் பெயர் ஏழாம் வகுப்பில் அவன் கழுத்தைப் பார்த்து வைத்தது. என் தங்கையைக் கட்டிக்கொண்டவன். நான் குளிர்பதனக் கிடங்கில் இயந்திரம் பார்த்தவன். அந்த இரைச்சலிலேயே காலம் போனதால் பேச்சு குறைவு. அவன் எனக்கு நேர்மாறு. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவன், பதில் வராவிட்டாலும் நிறுத்த மாட்டான்.

தங்கை நோயில் விழுந்தபோது, அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் கேட்டுக்கொண்டாள். அவன் சொல்லவில்லை. நான் போய் நின்றபோது அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அந்த வாரமே இறந்துபோனாள். அதன்பின் நான் அவனோடு பேசவில்லை. அவன் இரண்டு முறை என் வீட்டு வாசல்வரை வந்தான். கதவைத் திறந்தேன், வா என்று சொல்லவில்லை. மூன்றாம் முறை அவன் வரவில்லை.

ஆனாலும் விருந்துக்கு இரண்டு பேரும் தவறாமல் போனோம். ஒருவன் வராவிட்டால் மற்றவன் எங்களுக்கு ஒரு வருடம் இளையவர்களோடு உட்கார வேண்டும். அவர்களை எங்கள் பேட்சில் ஒருவனுக்கும் பிடித்ததில்லை. அந்த நிலைமை அவனுக்கு வரக்கூடாது என்று நான் போனேன். அவன் வந்ததும் அதற்காகத்தான் இருக்கும். எட்டு நாற்காலி போட்ட மேசையில் எதிரெதிரே உட்காருவோம். உப்பை நான் தேடினால் அவன் நகர்த்துவான். அவன் தம்ளர் காலியானால் நான் ஊற்றுவேன். கேக் வந்ததும் எழுந்து போய்விடுவோம்.

கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. எந்த வருடம் தீர்ந்தது என்று கேட்டால் தெரியாது. பேசாமல் இருப்பது மட்டும் மிஞ்சி நின்றது. அதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அந்த வருடம் சங்கத்துக்குச் செயலாளர் என் தங்கை மகள். அவளும் எங்கள் பள்ளியில் படித்தவள்தான். வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியை என் முன்னால் நீட்டினாள்.

"சீட்டு எடுங்க மாமா. இந்த வருஷம் பேட்ச் மேசை கிடையாது. எந்த நம்பர் வருதோ அங்க உட்காரணும்."

"ஏம்மா?"

"எல்லாரும் கலந்து பேசட்டும்னுதான். பெரியவங்க மூலையில உட்கார்ந்து மாத்திரையப் பத்தியே பேசறாங்கன்னு புகார்."

"நாங்க பேசறதே இல்லையே."

"அதுவும் புகார்ல இருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இனிமே நீங்களும் அப்பாவும் கஷ்டப்பட்டு எதிரெதிரே உட்கார வேண்டாம் மாமா. எனக்கும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நான் சீட்டை எடுத்தேன்.

என் மேசை வாசல் பக்கம். ஒட்டகத்துக்கு மேடையோரம். என்னோடு நான்கு இளவட்டங்கள். போன வருடம்தான் பள்ளியை விட்டு வந்தவர்களாம்.

"ஐயா, உங்க காலத்துல ஸ்கூல்ல லிஃப்ட் இருந்துச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மாடியே இல்லம்மா."

"அப்ப லேட்டா வந்தா என்ன காரணம் சொல்வீங்க?"

நல்ல பிள்ளைகள். கேலி செய்தாலும் தட்டில் ரொட்டி குறைந்தால் எடுத்து வைத்தார்கள். நான்தான் அங்கே இல்லை. பேட்ச் மேசை இல்லையென்றால் அடுத்த வருடம் நான் வரக் காரணமே இல்லை, அவனுக்கும் இல்லை என்பது சூப்பைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. இன்று இப்படியே எழுந்து போனால், இனி இரண்டு பேரில் ஒருவன் செத்தால்தான் மற்றவனுக்குச் சேதி வரும். அதையும் யாராவது சொன்னால்தான் உண்டு.

தலையை நிமிர்த்தினேன். தூரத்தில் ஒரு உடற்பயிற்சி ஆசிரியர் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுகிற ஒட்டகம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் கண் என் மேசைப் பக்கம் இருந்தது.

அடுத்து நடந்ததில்தான் சந்தேகம். மண்டபத்தின் பின்னால், கழுவிய தட்டுகளை அடுக்கி வைத்த ஒரு மேசை இருந்தது. நான் என் தட்டோடு அங்கே நின்றேன். அவனும் அவன் தட்டோடு அங்கே நின்றான். அவன் தட்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளினான். நான் இரண்டு நாற்காலியை இழுத்தேன். உட்கார்ந்தோம்.

மண்டபத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். சாப்பிட்டோம். நெடுநேரம் சாப்பிட்டோம். ரொட்டியின் ஓரத்தைக் கடித்து, அதை வாயின் இடது பக்கமாக ஒதுக்கினேன்.

"வலது பக்கமா?" என்றான்.

வாய் நிறைய ரொட்டி. "ம்" என்றேன்.

"மேலயா, கீழயா?"

கையை மேலே காட்டினேன்.

"போன வருஷமே பார்த்தேன். ஒரு பக்கமாவே மென்னுட்டிருந்த. சொல்லலாம்னு நெனச்சேன்." தம்ளரில் தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினான். "நாளைக்கு வா. சாப்பிட்டுட்டு வா."

விழுங்கிவிட்டுக் கேட்டேன். "கிளினிக்க மூடிட்டன்னு சொன்னாங்களே?"

"நாற்காலி இருக்குடா. உட்காரத்தான் ஆளில்ல."

கேக் வந்தது. அன்றைக்கு நாங்கள் எழுந்து போகவில்லை. அவன் தன் துண்டைத் தின்றுவிட்டு, "உனக்கு இனிப்பு ஆகாது" என்று என்னுடையதையும் தின்றான்.

மறுநாள் போனேன். அறையில் தூசியும் மருந்து வாடையும். தங்கை தைத்த திரைச்சீலை அப்படியே தொங்கியது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவன் பேச ஆரம்பித்தான். தங்கையின் நோயை எப்போது கண்டுபிடித்தார்கள், எந்த மாதம் நடக்க முடியாமல் போயிற்று, என்னைப் பற்றி அவள் என்ன சொல்வாள், எல்லாம். நான் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"அண்ணன் தாங்காதுன்னு சொன்னா. அவ பேச்ச நான் தட்டினதே இல்ல" என்றான். பல் பிடுங்கும் குறடு ஒன்றைக் கையில் எடுத்தான். "இது ஒண்ணையாவது தட்டியிருக்கணும்."

என் வாய் திறந்தபடியே இருந்தது. "ம்" என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது. பல்லைப் பிடுங்கினான்.

அதன்பின் வாரம் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பேசுவான், நான் கேட்பேன். இரண்டு விருந்துகளுக்குச் சேர்ந்தே போனோம். சீட்டுக் குலுக்கல் யாருக்கும் பிடிக்கவில்லை என்று மறு வருடமே பேட்ச் மேசை திரும்பிவிட்டது. என் தங்கை மகள் செயலாளர் பதவியை விட்டுவிட்டாள். வேறு ஊரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். லிஃப்ட் பற்றிக் கேட்ட பெண் அந்தப் பள்ளியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறாள். கிளினிக் நாற்காலியை ஒரு இளம் டாக்டர் எடுத்துக்கொண்டு போனார். ஒட்டகம் போன வருடம் தூக்கத்தில் இறந்தான். எனக்கு அரை மணி நேரத்தில் சேதி வந்துவிட்டது. நான் இப்போது அடுத்த பேட்சோடு உட்காருகிறேன்.