பிஸ்கட் டப்பாவில் லேபிள்கள்

நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. என் மனைவியின் தம்பி எனக்குத் தர வேண்டிய தொகை. பழைய சாமான் கடை வைத்திருக்கிறான். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றுக்குத் துணி மாற்றச் சொன்னான். துணியும் என்னுடையது, உழைப்பும் என்னுடையது. அந்த வேலையிலேயே என் தையல் மிஷினின் மோட்டார் புகைந்துபோனது. அவன் காசு தந்தால்தான் புது மோட்டார். மோட்டார் வந்தால்தான் அடுத்த வேலை. எப்போது போய்க் கேட்டாலும், "வித்ததும் தர்றேன் மாமா" என்பான்.

இந்த முறை புதுக்கதை வைத்திருந்தான்.

"வாங்க ஆள் வர்றாரு மாமா. ஆனா சட்டுனு தீப்பிடிக்காதுன்னு லேபிள் இருந்தாத்தான் சோபாவ விக்கலாமாம். சட்டமாம். போன வாரம் ஆபீசர் வந்து கத்திட்டுப் போனாரு."

"நான் பிரிக்கும்போதே அதுல லேபிள் இல்லடா."

"அதனால என்ன?" என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே முழுக்க லேபிள். குப்பைக்குப் போன சோபாக்களில் வெட்டியதையெல்லாம் பொத்தான் சேர்ப்பதுபோல் சேர்த்து வைத்திருக்கிறான்.

"இதுல ஒண்ண வச்சுத் தைங்க. கையோட காசு."

எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளவே எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அதனால் எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். 'தீக்குச்சி, சிகரெட் சோதனையில் தேறியது' என்றது ஒரு லேபிள். தேறியது எந்தச் சோபாவோ!

மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நாலு தையல்தானே, போட்டுட்டு வாங்களேன். மிஷின் சும்மா கிடக்குது" என்றாள். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது வாங்குகிறவர் வந்துவிட்டார். ரிட்டயர்டு பஸ் டிரைவர். விரலிடுக்கில் சிகரெட். சோபாவில் சாய்ந்தார்.

"அடடா, இனிமே நம்ம படுக்கை இதுதான். குறட்டைன்னு சொல்லி வீட்டுக்காரி ரூமுக்குள்ளயே விடமாட்டேங்கிறா."

விலை பேசிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார். சிகரெட் நழுவத் தொடங்கியது. பாய்ந்து போய்ப் பிடுங்கினேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. சோபாவின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி அளவு ஃபோம் வெட்டி, தெருவில் போட்டு, அதே சிகரெட்டை வைத்து ஊதினேன். கொஞ்ச நேரம் புகைந்தது. பிறகு குப்பென்று பிடித்து, கரும்புகையோடு உருகி ஒழுகியது.

இருமிக்கொண்டே எழுந்துவந்தார் டிரைவர். "ஏம்ப்பா, சோபா விக்கிறியா, அடுப்பு விக்கிறியா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

"திருப்தியா மாமா? இப்ப காசுக்கு நான் எங்க போறது?"

கத்தியை எடுத்து என் துணியைச் சோபாவிலிருந்து பிரித்தேன்.

"என்ன பண்றீங்க?"

"துணிக்காசு கழிஞ்சுது."

"அப்ப கூலி?"

"கூலிக்கு இந்த டப்பா. இனிமே நீ எதுலயும் லேபிள் ஒட்டவேண்டாம். கணக்குத் தீந்துது."

"தீந்துச்சுல்ல? அப்புறம் காசு தரலன்னு அக்காகிட்ட போட்டுக்குடுக்கக் கூடாது" என்றான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வீட்டில் டப்பாவைத் திறந்து பார்த்த மனைவி என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாலாயிரத்து முந்நூத்தி அம்பதுக்கு ஒரு பிஸ்கட் டப்பா. அதுலயும் பிஸ்கட் இல்ல."