மூடுபனிக்குத் திறந்த கதவு

குன்வர் வாசற்கதவை அகலத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி ஓர் ஆப்பிள் கூடையை அண்டக் கொடுத்தாள். மாலை ஐந்து மணிதான். நவம்பர் என்பதால் இருட்டிவிட்டது. கடல் பக்கமிருந்து வந்த மூடுபனி முற்றத்தைத் தாண்டிப் படியேறிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா?" பக்கத்துப் பண்ணை சிக்ஸ்டன் மேஜையிலிருந்தே கத்தினார். "கேக்கை மேஜையில வெச்சுக்கிட்டுப் பனிக்குக் கதவைத் திறக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

அவர் சொன்னது நியாயம். முட்டையும் சர்க்கரையும் கலந்த மாவைச் சுழலும் கம்பியில் ஊற்றி ஊற்றி, நெருப்பருகே நாள் முழுக்கச் சுட்டு எழுப்பிய கோபுரம் அது. ஸ்வீடனின் தென்கோடியான இந்த ஸ்கோனே மண்ணில் அது இல்லாமல் விருந்து கிடையாது. ஈரக்காற்று பட்டால் தொய்ந்துவிடும். கத்தி பட்டால் நொறுங்கும். சிறு ரம்பத்தால் பக்கவாட்டில் ஜன்னல் ஜன்னலாக அறுக்க வேண்டும். கோபுரம் கடைசிவரை நிற்க வேண்டும். சிறுவயதில் குன்வர் ஒரு பக்கம் அறுப்பாள், தங்கை எல்னா எதிர்ப் பக்கம். பிறகு இருவரும் அதன் ஊடாக ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இன்று குன்வர் தன் பக்கத்து ஜன்னலை மட்டும் அறுத்து வைத்திருந்தாள்.

எல்னா போர்ன்ஹோல்ம் தீவில் வாழ்க்கைப்பட்டவள். வானம் தெளிந்திருந்தால் தோட்டத்து மேட்டிலிருந்து அந்தத் தீவு நீலக் கோடாகத் தெரியும். "எல்லாரும் ஒரே டென்மார்க் ராஜாவுக்குக் கீழதான் இருந்தோம். ஸ்வீடன்காரன் பிடிச்சதும் நாங்க தீவுக்காரங்க சண்டை போட்டு டென்மார்க்குக்கே திரும்பிட்டோம். நீங்கதான் ஸ்வீடனோடயே தங்கிட்டீங்க" என்று முந்நூறு வருடத்துக் கதையைச் சொல்லி அக்காவைச் சீண்டுவாள். அம்மாவை அடக்கம் செய்த அன்று, அவளுடைய மேஜைவிரிப்பு யாருக்கு என்ற சண்டையில், "இனி என் வாசலை மிதிக்காதே" என்று குன்வர் சொல்லிவிட்டாள். அதன்பின் பதினோரு வருடம் நீலக் கோடாய்த் தெரியும் அந்தத் தீவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்து விருந்து வைக்கும் இந்தப் புனித மார்ட்டின் திருநாளுக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதினாள். "பார்க்கலாம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

"கப்பல் வந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு," சிக்ஸ்டன் குரலைத் தாழ்த்தினார். "பனியில மெதுவாத்தான் ஓட்டணும். வந்தா தட்டுவா. சாத்தும்மா."

"தட்டமாட்டா, அண்ணே. நான் சொன்ன வார்த்தை அப்படி. கதவு சாத்தியிருந்தா, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவா."

சிக்ஸ்டன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய் ஆணியில் தொங்கிய ஞாயிறு தேவாலயத்துக்குப் போடும் தன் கறுப்புக் கோட்டை எடுத்துவந்தார். கேக்கின் தலை வழியாகப் போர்த்தி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார்.

"புனித மார்ட்டினே பிச்சைக்காரனுக்குப் பாதி அங்கியைத்தான் அறுத்துக் குடுத்தாரு. நான் முழுசாக் குடுத்திருக்கேன். வாத்துக்கால் எனக்குத்தான், ஞாபகம் வெச்சுக்கோ."

குன்வர் சிரித்தாள்; சிரிக்கும்போதே கண் நிறைந்தது. சூப் ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் கரண்டியைத் தொடவில்லை.

கிளைகளை மொட்டையாக வெட்டிய வில்லோ மரங்களுக்கிடையே ஒரு காரின் விளக்கு மங்கலாக வந்தது. பாதை பிரியும் இடத்தில் நின்றது. நேரே போனால் மீனவர் குடியிருப்பு. திரும்பினால் இந்த வீடு மட்டும்தான்.

குன்வரின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. ரம்பத்தை எடுத்து, கைப்பிடி காலி நாற்காலியைப் பார்க்கும்படி எதிர்ப் பக்கத்தில் வைத்தாள். கேக்கைப் போர்த்தியிருந்த கோட்டின் மேல் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றாள். விளக்கு இன்னும் அங்கேயே நின்றது. வீட்டு வெளிச்சம் படியிறங்கி, பனிக்குள் அதை நோக்கி நீண்டு கிடந்தது.